எட்டை மறைக்க மறுத்தவர்

சவரிமுத்து இறந்துவிட்டார் என்று சக ஆசிரியை தொலைபேசியில் சொன்னபோது, "யார் சொன்னது?" என்றுதான் முதலில் கேட்டேன். எதையும் உடனே நம்பும் வழக்கம் எனக்கில்லை. ஹட்டனில் பஸ் நிலையத்துக்கு அருகே ஸ்டிக்கர் வெட்டும் கடை வைத்திருந்த அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரைப் பற்றித் தவறாகக் கேள்விப்பட்டவர்களுக்காகவும்தான். அந்தத் தவறைப் பரப்பியவள் நான்.

கொழும்பிலிருந்து வாகன இலக்கத் தகடுகள் வராமலிருந்த மாதங்களில், என் புதிய ஸ்கூட்டருக்குத் தற்காலிகத் தகடு செய்ய அவரிடம் போனேன். பதிவுப் பத்திரத்தைக் கேட்டார். கொண்டுபோகவில்லை.

"என்னையே சந்தேகப்படுறீங்களா?"

"உங்கள இல்லீங்க டீச்சர். வண்டியத்தான்."

வீட்டுக்குப் போய் எடுத்துவந்தேன். முன்னே வெள்ளை, பின்னே மஞ்சள், இரண்டிலும் நேரான கறுப்பு எழுத்து. இவ்வளவு கவனமாக இருப்பவர் எதையோ மறைக்கிறார் என்று அன்றே எனக்குப் பட்டது.

அவர் கடையில் எல்லாச் சாமிகளும் ஸ்டிக்கராக இருந்தார்கள். ஒருநாள் லொறிக்காரர் ஒருவர் இலக்கத்துக்குப் பக்கத்தில் மாதா படம் வைக்கச் சொன்னார்.

"மாதாவே வந்து கேட்டாலும் பிளேட்டுல ஒட்ட மாட்டேன். மட்கார்டுல ஒட்டிக்குங்க."

"நீங்க வேதக்காரர்தானே அண்ணே?"

"நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். பிளேட்டு எந்தக் கோயிலுக்கும் போகாது."

என் தம்பியின் முச்சக்கரவண்டி இலக்கம் எட்டில் முடியும், கூட்டினாலும் எட்டுத்தான். சனியின் எண் என்று அம்மா புலம்பிக்கொண்டே இருந்தார். ஒருநாள் வட்டவளையில் பொலிஸார் வண்டியை நிறுத்தினார்கள். பின்தகட்டில் எட்டின் இடப்பக்கத்தை மறைத்து ஒரு சிறிய வேல் ஸ்டிக்கர். எட்டு, மூன்றாகத் தெரிந்தது. இலக்கத்தை மாற்றிக்காட்டி ஓட்டுவது எதற்கு என்று கேட்டு வண்டியைப் பிடித்துவைத்தார்கள். "ஸ்டிக்கர் சவரி அண்ணன் கடையில வாங்குனது" என்றான் தம்பி. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

கடைக்குப் போய், ஆட்கள் நிற்கும்போதே கேட்டேன்: "சட்டம் பேசுறவர் செய்ற வேலையா இது?"

அவர் கத்தரியைக் கீழே வைத்தார். "வேல் வித்தது நான்தான். ஒட்டுனது யாருன்னு உங்க தம்பிக்கிட்ட கேளுங்க டீச்சர்."

கேட்கவில்லை. பதிலாக, ஆசிரியர் அறையில் சொன்னேன், பொலிஸிலும் சொன்னேன். அவர்கள் வந்து கடையிலிருந்த தகடுகளை எல்லாம் அள்ளிப்போனார்கள். ஒரு குறையும் காணாமல் திருப்பிக் கொடுத்தார்கள். 'யாரையோ பிடித்துச் சரிக்கட்டியிருப்பார்' என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். தம்பியை எச்சரித்து வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். சவரிமுத்துவிடம் தகடு செய்ய வருபவர்கள் குறைந்துபோனார்கள்.

சவரிமுத்துவின் அடக்கம் முடிந்து திரும்பும்போது வண்டி ஓட்டிக்கொண்டே தம்பி சொன்னான்:

"அவரு ஒட்டலக்கா. ஒட்டித்தரச் சொல்லிக் கேட்டேன், ஏசி அனுப்பிட்டாரு. அம்மா பயந்துச்சேன்னு வீட்டுல வச்சு நானே ஒட்டுனேன்."

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியேக்கா."

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் எழுந்து நின்று இதைச் சொன்னேன். "இனிமே சொல்லி என்னங்க டீச்சர்?" என்றார் ஒருவர். இருந்தாலும் இங்கே எழுத்தில் வைக்கிறேன்: சவரிமுத்து எந்த இலக்கத்தையும் மறைத்தவரல்லர்.

அடக்கத்தன்று அவருடைய மருமகன் சொன்னார்: "எனக்கும் பத்திரத்தப் பாத்துட்டுத்தான் பிளேட்டு செஞ்சு குடுத்தாரு மாமா." சொந்தக்காரருக்கும் அந்நியருக்கும் அவருடைய சந்தேகம் ஒரே அளவாக இருந்தது. என்னுடையது என் வீட்டு வாசலில் நின்றுவிட்டது, தம்பியைத் தொடவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரே அளவைத்தான்.