படுதாவுக்குள் பிரசங்கம்

ராயப்பேட்டை கடைத்தெருவை ஒட்டிய சந்துக்குள் இருந்த அந்தச் சின்ன வேதக்கோயில் இரண்டு தூண்கள்மேல் நிற்கிறது என்று சபையின் செகரட்டரி துரைராஜ் அடிக்கடி சொல்வார். ஒன்று வேதவசனமாம். இன்னொன்று எது என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டு சும்மா இருப்பார், கேட்கிறவர்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

அருளாயம்மாளைத் தூண் என்று யாரும் சொன்னதில்லை. அவள் அந்தச் சபையின் பைபிள் ஸ்திரீ. வெள்ளைப் புடவையும் துணிப்பையும் கிழிந்த குடையுமாகக் காலையில் புறப்பட்டால் பொழுது சாயும்வரை வீடு வீடாக நடை. கூவத்தங்கரைக் குடிசைகளில் பிள்ளைப்பேறு பார்ப்பாள், குடித்துவிட்டு வந்த புருஷனை வாசலிலேயே நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்குவாள். கோஷாவில், அதாவது அந்நிய ஆண் கண்ணில் படாமல், வீட்டுக்குள்ளேயே இருக்கும் முஸ்லிம் பெண்களுக்கு எழுத்தும் தையலும் சொல்லிக்கொடுத்து, நடுநடுவே வேதக் கதையும் சொல்வாள். சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போய், அழுகிறவர்களைக் கட்டிக்கொண்டு, அழுகை அடங்கும்வரை உட்கார்ந்திருப்பாள். அடங்கிய பிறகு போதகர் ஐயர் வந்து ஜெபம் சொல்லிக் காப்பி குடித்துவிட்டுப் போவார். ‘ஐயர் வந்துதான் எங்களைத் தேற்றினார்’ என்று ஜனங்கள் நன்றியோடு சொல்வார்கள்.

அதற்கெல்லாம் அவள் வருத்தப்பட்டதில்லை. அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. அதைச் செகரட்டரியின் மனைவி சந்தோஷம்மாளிடம் மட்டும் ஒருமுறை சொல்லியிருந்தாள். தன் சொந்தக் கோயிலில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், எழுந்து நின்று, எல்லோருடைய முகத்தையும் பார்த்துப் பேச வேண்டும். அவளுக்குப் பேச்சு என்றால் முகம். கேட்கிறவளின் புருவம் சுருங்கினால் கதையை வேறு வழியாகத் திருப்புவாள். கண் கலங்கினால் அந்த இடத்திலேயே கொஞ்சம் நிற்பாள். கொட்டாவி வந்தால் முடித்துவிடுவாள். இந்தக் கடைசி வித்தை ஐயருக்கு எட்டாத வித்தை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில் ஐயருக்கு டைபாய்டு வந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் ஆறு மாதத்துக்குப் பிரசங்கம் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி, சொந்த ஊருக்கு அனுப்பிவிட்டார். வேறு ஐயர் கிடைக்க நாளாகும் என்று மேலிடம் கையை விரித்தது.

முதல் ஞாயிறு துரைராஜே பிரசங்கபீடத்தில் ஏறினார். நோவாவின் பேழையைப் பற்றிப் பேசினார். பேழையின் நீள அகலத்தில் ஆரம்பித்து, தபால் ஆபீசில் தம் காலத்தில் இருந்த ஒழுங்கில் போய் நின்றார். ஒரு மணி நேரமாகியும் மழை வரவேயில்லை. அடுத்த ஞாயிறு கமிட்டி மெம்பரான டிராயிங் மாஸ்டர். அவர் ஏறினார், சபையைப் பார்த்தார், வியர்த்தார், ‘ஆமென்’ என்று சொல்லி இறங்கிவிட்டார். ஜனங்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. இருந்தாலும் மூன்றாவது ஞாயிறு பாதிப்பேர் மயிலாப்பூர்ப் பக்கம் வேறு கோயில் பார்த்துப் போய்விட்டார்கள்.

கமிட்டி கூடியது. அருளாயம்மாளைப் பேசச் சொன்னால் என்ன என்று டிராயிங் மாஸ்டர்தான் கேட்டார். தான் மறுபடி ஏறாமல் இருந்தால் போதும் அவருக்கு.

“பொம்பளையா? பிரசங்கத்துக்கா?” துரைராஜ் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “சபையில ஸ்திரீகள் பேசக்கூடாதுன்னு பவுல் அப்போஸ்தலர் ஸ்பஷ்டமா எழுதி வெச்சிருக்காரு!”

“வர்ற ஞாயித்துக்கிழமை அவரு வந்து பேசுவாரா சார்?” என்றார் மாஸ்டர்.

வாதம் சாயங்காலம் வரை இழுத்தது. பெண்குரல் காதில் விழுவது தப்பா? அப்படியென்றால் கீர்த்தனை என்ன ஆவது? அதைப் பெண்கள்தானே தூக்கிப் பாடுகிறார்கள்? ஆகவே குரல் தப்பில்லை. எழுந்து நிற்பது தப்பா? பாட்டுக்கு நிற்கிறார்களே! கடைசியில் துரைராஜுக்கே ஞானோதயம் உண்டாயிற்று. பெண் நின்று பேச, அதை ஆண்கள் பார்த்தால்தான் அது பிரசங்கம். பார்க்காவிட்டால் வெறும் சத்தம். சத்தத்துக்குப் பவுல் தடை சொல்லவில்லை. எனவே பிரசங்கபீடத்தில் ஏறாமல், ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் தரையில், ஒரு படுதாவைக் கட்டி, அதற்குப் பின்னாலிருந்து அருளாயம்மாள் பேசலாம்.

இதே கமிட்டிதான் போன வருஷத்து அறிக்கையில், முஸ்லிம் சகோதரிகள் படுதாவின் இருளில் அடைபட்டுக் கிடக்கிறார்களே என்று இரண்டு பக்கத்துக்குக் கண்ணீர் விட்டிருந்தது.

படுதாவுக்கு அக்பர் பாஷாவிடம் ஆள் போயிற்று. கல்யாணங்களுக்குப் பந்தல், படுதா, ஜமக்காளம் வாடகைக்கு விடுகிறவர். அவர் மனைவி ஜைதூன் பீயும் மைத்துனி குல்சும்மும் அருளாயம்மாளிடம்தான் தையல் படித்தார்கள்.

“கோயில்ல இன்னா, கல்யாணமா?” என்று கேட்டார் பாஷா.

“இல்ல பாய். டீச்சரம்மா மறைவா இருந்து பேசப் போறாங்க.”

பாஷா தாடியைச் சொறிந்தார். “எந்த டீச்சரம்மா? எங்க ஊட்டுக்கு வந்து, ஏன் மறைஞ்சிக்கினு கீறீங்க, வெளிய வாங்கன்னு சொல்லிக்கினு இருந்தாங்களே, அவங்களா?”

ஆமாம் என்றதும் அவர் கிடங்குக்குள் போனார். இருப்பதில் நல்லதாக, மாங்காய்க்கரை போட்ட பச்சைப் படுதாவைக் கொடுத்தனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை அருளாயம்மாள் அந்தப் படுதாவுக்குப் பின்னால் நின்றாள். எதிரே மாங்காய். அதற்குப் பக்கத்தில் இன்னொரு மாங்காய். யார் சிரிக்கிறார்கள், யார் முகம் சுளிக்கிறார்கள், ஒன்றும் தெரியவில்லை. எங்கே நிறுத்துவது, எங்கே திருப்புவது என்று புரியாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எப்படியோ சொல்லி முடித்தாள்.

“குரல் இன்னும் கொஞ்சம் தணிஞ்சு வந்தா பக்தியா இருக்கும்” என்றார் துரைராஜ், படுதாவைப் பார்த்து.

வீட்டுக்குப் போய் அருளாயம்மாள் அழுதாள். அவமானத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். ஊர்ப்பட்ட வீடுகளில் படுதாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவளைச் சொந்த வீட்டில் படுதா போட்டு மூடிவிட்டார்களே!

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் துணி கட்டிய ஜட்கா வண்டி ஒன்று வந்து நின்றது. ஜைதூன் பீயும் குல்சும்மும் இறங்கிப் பக்கக் கதவு வழியாக நேரே படுதாவுக்குள் வந்துவிட்டார்கள்.

“டீச்சரம்மா, எங்க மாதிரி நீங்களும் கோஷாவுக்கு வந்துட்டீங்களாமே!” என்றாள் ஜைதூன் பீ. “அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம். மறைவு இருக்குது, வான்னு அவரே வண்டி வெச்சு கூட்டியாந்துட்டாரு.”

வந்த விருந்தாளிகளைத் தனியாக விடலாமா? செகரட்டரி மனைவி என்ற முறையில் சந்தோஷம்மாள் எழுந்து உள்ளே போனாள். போனவள் திரும்பவில்லை. அவளைப் பார்த்து இன்னொருத்தி போனாள். முதல் பாட்டு முடிவதற்குள் பெண்கள் எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு படுதாவுக்குள் போய்விட்டார்கள். இடம் பற்றாமல் படுதாவை இழுத்து இழுத்துக் கோயிலின் பாதிவரை கொண்டுவந்தாயிற்று. ஆண்களுக்கு மிச்சம் இருந்தது மாங்காய்க்கரைதான்.

அருளாயம்மாளுக்கு முகங்கள் கிடைத்துவிட்டன. பாதிதான், ஆனாலும் போதும். அன்று அவள் சாராளைப் பற்றிப் பேசினாள். ஆபிரகாமின் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். கிழவி சாராளுக்குப் பிள்ளை பிறக்கும் என்று சொன்னார்கள். கூடாரத் துணிக்குப் பின்னால் ஒளிந்து கேட்டுக்கொண்டிருந்த சாராள் சிரித்துவிட்டாள்.

“வெளிய ஆம்பளைங்க பேசிக்கினு கீறாங்க” என்றாள் அருளாயம்மாள். “மாசாமாசம் படற பாடெல்லாம் நின்னுபோன உடம்புன்னு அவங்களுக்கு இன்னா தெரியும்? அதான் சிரிச்சா.”

“எங்க கிதாபுலயும் அந்தம்மா சிரிச்சாங்க!” என்று குல்சும் கைதட்டினாள். அதன் பிறகு சிரிப்பை யாராலும் அடக்க முடியவில்லை.

இந்தப் பக்கம் ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துரைராஜுக்குத் தாங்கவில்லை. தம் மனைவி இப்படிச் சிரித்து அவர் கேட்டதேயில்லை. தம்மைப் பற்றித்தான் ஏதோ என்று நிச்சயமாகத் தோன்றிவிட்டது. எழுந்து போய்ப் படுதாவின் ஓரத்தை விலக்கி, கண்ணாடியும் மீசையுமாகத் தலையை உள்ளே நீட்டினார்.

“அல்லா! ஆம்பள!” என்று ஜைதூன் பீ அலறி முக்காட்டை இழுத்தாள். அவளோடு சேர்ந்து, கோஷாவே இல்லாத சந்தோஷம்மாளும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, “ஐயோ, ஆம்பள!” என்று கத்தினாள்.

வண்டியோடு வெளியே காத்திருந்த அக்பர் பாஷா ஓடி வந்தார். “இன்னா சார் இது? பெரிய மனுசன், பொம்பளைங்க மறைவுக்குள்ள தலய உடறீங்களே!”

“இது எங்க கோயில்!”

“கோயிலு உங்களுது. படுதா என்னுது.”

செகரட்டரி மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. சபைக்கு நடுவே, படுதாவைப் பார்த்து, கைகூப்பிக்கொண்டு கேட்டார்.

அதற்குப் பிறகு ஆறு மாதமும் அப்படியே ஓடியது. படுதாவைக் கழற்றவும் கமிட்டிக்கு மனம் வரவில்லை. முஸ்லிம் ஸ்திரீகள் தவறாமல் எங்கள் ஆலயத்துக்கு வருகிறார்கள் என்று மேலிடத்துக்கு எழுதிப் பாராட்டு வாங்கியாகிவிட்டது. மயிலாப்பூருக்குப் போனவர்களெல்லாம் திரும்பி வந்தார்கள். கடைசி ஞாயிறு அருளாயம்மாளுக்குக் கன்னம் வீங்கப் பல்வலி. சுருக்கமாகப் பேசி, வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடித்துவிட்டாள். திங்கட்கிழமை புதிய ஐயர் வந்துவிட்டார். படித்து முடித்த கையோடு வந்த சின்ன வயசுப் பிள்ளை. சனிக்கிழமை படுதாவை அவிழ்த்துப் பாஷாவின் கடைப் பையனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஞாயிறு காலை ஜட்கா வாசல்வரை வந்தது. உள்ளே படுதா இல்லை என்று தெரிந்ததும் திரும்பிவிட்டது. பாயில் உட்கார்ந்திருந்த அருளாயம்மாள் கதவு வழியாக அதைப் பார்த்தாள்.

புதிய ஐயருக்கு மாலை போட்டார்கள். அவர் நல்ல பிள்ளை. பிரசங்கம் முடிந்ததும், “இந்த ஆறு மாசமும் ஆராதனை நிக்காம நடந்துதுன்னு கேள்விப்பட்டேன், ரொம்ப சந்தோஷம். யார் நடத்தினது?” என்று கேட்டார்.

துரைராஜ் எழுந்தார். கோட்டுப் பொத்தானைத் தடவினார். “மனுஷர் யாருமில்ல ஐயா. தேவனே நடத்தினாரு.”

பெண்கள் பக்கத்திலிருந்து சந்தோஷம்மாளின் குரல் வந்தது. “போன வாரம் பல்லு வலிக்குதுன்னு சீக்கிரமா முடிச்சாரே, அந்த தேவனா?”

ஐயர் குழம்பிப்போய், “பல்லு வலின்னு முடிச்சது யாரும்மா? எழுந்திருங்க, பாக்கலாம்” என்றார்.

அருளாயம்மாள் எழுந்தாள். திரும்பினாள். படுதா இல்லாமல், மாங்காய் இல்லாமல், அத்தனை முகங்களும் அவளுக்கு முன்னால் இருந்தன. பெண்களை அவளுக்குத் தெரியும். ஆண்களின் முகங்களைத்தான் கோயிலில் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பையன்களைப் போல இருந்தார்கள். டிராயிங் மாஸ்டர் மட்டும் தலையை ஆட்டி, பேசுங்கள் என்று ஜாடை காட்டினார்.

“பல்ல நேத்தே புடுங்கியாச்சு ஐயா” என்றாள் அருளாயம்மாள். “இப்ப நல்லா பேசலாம்.”

ஐயர் செகரட்டரியைப் பார்த்தார். செகரட்டரி பவுலை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நல்ல பிள்ளை தொண்டையைக் கனைத்தார். “நேரமாயிடுச்சு. இன்னொரு நாள் பாக்கலாம்மா, உக்காருங்க. கடைசி கீர்த்தனை பாடலாம்” என்றார்.

அருளாயம்மாள் உட்கார்ந்தாள். ஆர்மோனியம் சுருதி கொடுத்தது. ஆண்கள் ஆரம்பித்தார்கள். பெண்கள் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. முதல் அடியை எப்படியோ இழுத்தார்கள், இரண்டாவது அடியில் ஆளுக்கொரு ராகத்தில் போனார்கள், மூன்றாவதில் துரைராஜின் குரல் மட்டும் தனியாக மாட்டிக்கொண்டது. அவர் பரிதாபமாக மனைவியைப் பார்த்தார். சந்தோஷம்மாள் பக்தியோடு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். சபையில் ஸ்திரீகள் பேசாமல் இருக்க வேண்டும் என்று இத்தனை வருஷமாக அவர் சொல்லிக்கொண்டிருந்ததற்கு, அன்றைக்குத்தான் அவர்கள் கீழ்ப்படிந்தார்கள்.