மதில் சுவரை இடிக்க ஏற்காட்டுக்கு

காலை 5.15. புதுச்சேரிப் பேருந்து நிலையத்திலிருந்து சேலம் வண்டி கிளம்பியது. மடியில் ஒரு துணிப்பை. மாற்றுத் துணிக்கு நடுவே என் மனைவி ஸ்டெல்லா ஜெபமாலையையும் செருகியிருந்தாள். பயணச்சீட்டு இருநூற்றுப் பத்து ரூபாய், தூரம் ஏறக்குறைய இருநூற்றிருபது கிலோமீட்டர். அதற்கு மேல் மலைப்பாதை முப்பத்திரண்டு. ஏற்காட்டுக்கு எல்லோரும் ஏரியில் படகு விடப் போவார்கள். நான் போனது நானே கட்டிய சுவரை இடிக்க.

ஓய்வு பெற்ற கையோடு, ஏற்காட்டுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டமும், அதற்குள் இடிந்து கிடந்த ஓர் ஓட்டு வீடும் வாங்கினேன். புதுச்சேரியில், நெல்லித்தோப்பு வீட்டில் எனக்குத் தூக்கமே வராது. ரத்த அழுத்தம், மாத்திரை, பக்கத்து வீட்டு மோட்டார் சத்தம். அந்த மலையில் மட்டும் படுத்ததும் உறங்கினேன். இரண்டு வருடமாக மாதம் பத்து நாள் அங்கேதான். ஊர்க்காரர்கள் கைகொடுத்துத்தான் வீடு எழுந்தது. கூரைச் சட்டத்துக்குச் சில்வர் ஓக் மரம் காட்டிக் கொடுத்ததும், பழைய மாட்டுக் கொட்டகையிலிருந்து உடையாத ஓடுகளைப் பொறுக்கி வந்து வேய்ந்ததும் கீழ்வீட்டு வெள்ளையன். அவர் மனைவி பழனியம்மா எனக்குக் களி கிண்டித் தருவார். இவ்வளவுக்குப் பிறகும் கடந்த பங்குனியில் ஒரு மதில் கட்டி, பூட்டோடு ஒரு கேட்டும் வைத்தேன். புதுச்சேரிக்காரனுக்கு மதில் இல்லாத வீடு வீடாகவே தெரிவதில்லை. வீட்டைக் காட்டிலும் மதிலும் கேட்டும் கம்பீரமாக நிற்கிற ஊரில் பிறந்தவன் நான்.

தோட்டத்தின் குறுக்கே சருகு மூடிய ஒரு பள்ளம் ஓடியது. மண் அடித்து அதைச் சமன் செய்தேன். தோட்டம் முடிகிற சரிவில், வெள்ளையன் வீட்டுக்கு நேர் மேலே, ஆறடி உயரத்துக்கு ஹாலோ பிளாக் சுவர் எழுப்பினேன். "சார், இது தண்ணி வர்ற தடமுங்க" என்று அவர் சொல்லத்தான் செய்தார். ஆடு ஓட்டுகிற வழி போய்விடுமே என்று சொல்கிறார் போலும் என நினைத்துக்கொண்டேன். என் புத்தி அப்படி. கொத்தனார் மட்டும் அடியில் நான்கு பிளாஸ்டிக் குழாய்களைச் செருகி வைத்தார்.

முந்தின நாள் சாயங்காலம் வெள்ளையன் கூப்பிட்டார். "ரெண்டு நாளா விடாம ஊத்துதுங்க. கொழாயில எல்லாம் சருகு அடைச்சிக்கிச்சு. செவத்துக்கு மேப்பக்கம் இடுப்பளவு தண்ணி நிக்குது. கொஞ்சம் வந்து பாருங்க." இடித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் இணைப்பு அறுந்தது. அதன் பிறகு எத்தனை முறை அழைத்தும் மணி அடிக்கவில்லை. அந்நேரத்தில் கிளம்பினாலும் மேலே போக வண்டி கிடையாது.

காலை 6.25, விழுப்புரம். பக்கத்து இருக்கையில் தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். நான் கைப்பேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்ததைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்னா சார், ஊட்ல யாருக்குனா ஒடம்பு சரியில்லியா? மூஞ்சியே நல்லா இல்ல."

"மலையில ஒரு காம்பவுண்டு செவுரு கட்டிட்டேன். அது சாயற மாதிரி இருக்குதாம்."

"அட, செவுருதான? வேற கட்டிக்கலாம். காம்பவுண்டு இல்லாம எப்பிடி சார்? நானா இருந்தா மேல கண்ணாடித் துண்டும் பதிச்சிருப்பேன்."

"பதிச்சிருக்கேன்" என்றேன்.

சுவருக்குக் கீழே ஒரு வீடு இருக்கிறது என்று அவரிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. கள்ளக்குறிச்சி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஆத்தூரில் ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே எதுவும் தெரியவில்லை.

காலை 11.00, சேலம். ஏற்காடு பேருந்தில் முப்பது ரூபாய்ச் சீட்டு. இருபது கொண்டை ஊசி வளைவுகள். வழக்கமாக ஒவ்வொரு வளைவுக்கும் காற்று குளிர்வதை அனுபவித்துக்கொண்டே போவேன். அன்று எண்ணிக்கொண்டு போனேன். பதினான்காவது வளைவில் பாறையோடு மண்ணும் சரிந்து கிடக்க, வண்டி நின்றுவிட்டது. ஓட்டுநர் நிதானமாக வெற்றிலை மடித்தார். இறங்கி நடந்துவிடலாமா என்று கேட்டதற்கு, "நடந்தா நாளைக்குப் போவீங்க" என்றார். நாற்பது நிமிடம் கழித்து வழி விட்டார்கள். அந்த நாற்பது நிமிடத்தில் பழனியம்மாவை நான் எத்தனை தடவை புதைத்தேன் என்று எனக்கே தெரியாது.

பிற்பகல் 1.30, ஏற்காடு. ஜீப்புக்கு ஐநூறு ரூபாய், பன்னிரண்டு கிலோமீட்டர். ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"மதிலு கட்டுன பாண்டிச்சேரிக்காரர் நீங்கதானுங்களா?"

"எப்படித் தெரியும்?"

"அந்த ஊருல இருக்கறதே அந்த ஒரு மதிலுதானுங்க."

இரண்டு மணி பத்து நிமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். சுவர் நின்றுகொண்டிருந்தது. நடுவில் லேசாக வயிறு தள்ளியிருந்தது. வெள்ளையனும் இன்னும் ஏழெட்டுப் பேரும் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றார்கள். எல்லோர் கையிலும் கடப்பாரை, மண்வெட்டி. கீழ்வீட்டுப் பிள்ளைகளைப் பாதுகாப்புக்காகப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார்களாம். பழனியம்மா மட்டும் கீழே கொட்டகையில் இருந்தார். பசு கன்று ஈனுகிற நேரம், நகர்த்த முடியவில்லை, விட்டுவிட்டு வரவும் அவருக்கு மனமில்லை.

எனக்குக் கோபமே வந்தது. "ஏன் இன்னும் இடிக்கல? கேட்டு ஏறிக் குதிச்சா ஆகாதா?"

"ஆளில்லாத வீட்டுக்குள்ள ஏறிக் குதிச்சு செவத்துல கடப்பாரை போட்டா, அதுக்குப் பேரு திருட்டுங்க" என்றார் வெள்ளையன். "எங்கூருல அந்த வழக்கமில்லீங்க. இன்னைக்குப் பொழுது எறங்கற வரைக்கும் உங்களுக்காகப் பாக்கலாம்னு ஊர்ல பேசி வெச்சிருந்தோம். அதுக்கு மேல போனா ஊரோட பொறுப்புல இடிக்கலாம்னு. மொதக் கல்ல நீங்க எடுங்க."

கேட்டுப் பூட்டைத் திறந்தேன். உள்ளே போனதும் சுவரின் நடுவில்தான் கடப்பாரையை ஓங்கினேன். வெள்ளையன் பிடித்துக்கொண்டார். "அங்க குத்துனா மொத்தமாப் போயி என் ஊட்டு மேல உளுந்துருங்க. பழைய தடத்து மூலையில, மேல இருந்து கல்லு கல்லா எடுக்கணும்." நான் மூடிய பள்ளம் வெளியேறுகிற மூலையை அவர் காட்டினார். அங்கிருந்து தண்ணீர் அவர் வீட்டைத் தொடாமல் பாறை இடுக்கு வழியாக ஓடைக்குப் போய்விடும்.

முதல் கல்லை நான் எடுத்தேன். மற்றதெல்லாம் அவர்கள். கண்ணாடி பதித்த மேல்வரிசையில் வெள்ளையனின் உள்ளங்கை கிழிந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். நாலாவது வரிசை போனதும் தண்ணீர் வழிந்தது, பிறகு கொட்டியது. சுவர் ஒருமுறை முனகியது. யாரோ "பழனியம்மா!" என்று கத்தினார்கள். கீழேயிருந்து, "பசுவ மெரட்டாதீங்கடா!" என்று பதில் வந்தது. நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்து மணிக்குத் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. கன்று கிடாரி. சீம்பால் காய்ச்சி, எனக்கும் ஒரு டம்ளர் தந்தார் பழனியம்மா. என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் மழை விட்டிருந்தது. மீதிச் சுவரையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டு, பதினொன்றரை மணிக்குக் கிளம்பினேன். நெல்லித்தோப்பில் என் வீட்டுப் பக்கச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் ஒன்றே. இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டுக்காரரோடு முக்கால் அடி இடத்துக்காகப் பேசாமல் இருக்கிறேன். அந்த நினைப்போடுதான் ஜீப் நிற்கும் இடத்துக்கு நடந்தேன். வெள்ளையன் என் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். சொல்லாமல் ஏறினால் இனி இந்த மலையிலும் தூக்கம் வராது என்று தோன்றியது.

"வெள்ளையன், ஒண்ணு சொல்லணும். திருட்டுக்குப் பயந்துதான் அந்தச் செவுர கட்டினேன். உங்கள எல்லாம் மனசுல வெச்சிதான்."

"தெரியுங்க" என்றார். "கட்டறப்பவே தெரியும். நான்தானுங்களே அந்தச் செவத்துக்குக் கல்லு தூக்கிக் குடுத்தேன்."

ஜீப் வந்தது. பையை ஏற்றிவிட்டு, நான் உட்கார்ந்துவிட்டேனா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.