கயிறு விழும் முன்னே

மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து எறணாகுளத்துக்கு எட்டே காலுக்கு ஒரு போட் உண்டு. எழுபதுகளின் நடுவில் சில வருஷங்கள் நான் அதில் போய்வந்தேன். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுக் கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிடங்கில் சேர்ந்திருந்தேன். மூட்டைகளிலிருந்து எடுத்த மாதிரிப் பொட்டலங்களை எறணாகுளத்துத் தரகர் ஆபீஸ்களில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பொட்டலம் நனைந்துவிடுமோ, ஒன்றுக்கொன்று மாறிவிடுமோ, போட் மூழ்கிவிடுமோ என்று வழி முழுக்கக் கவலைதான். போட் கரையைத் தொடுவதற்குள் முதல் ஆளாகக் குதித்து இறங்கிவிடுவேன்.

விளையாட்டு ஆரம்பித்தது ஒரு மழைநாளில். காயல் முழுக்கப் பாயல் என்கிற நீர்க்கொடி படர்ந்து கிடந்த காலம். அந்தக் கொடி போட்டின் அடியில் சுற்றிக்கொள்ள, நடுத்தண்ணீரில் நின்றுவிட்டோம். நான் பொட்டலங்களை மூன்றாவது தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலடித்தாலும் குடையை விடாத ஒரு மலையாளி எதிரே உட்கார்ந்திருந்தார். தினமும் பார்க்கிற முகம். பேசினதில்லை.

"எந்தாடா, சுக்கு முளைச்சிருச்சான்னு நோக்குறியா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மூலையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. குடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "போட் நகர்றதுக்குள்ள அவரைச் சிரிக்க வைக்கணும். ஆருக்குத் தைரியம் இருக்கு?" என்றார்.

எழுந்தவள் ஒரு பெண். தையல் வகுப்புக்குப் போகிறவள். பையிலிருந்து மர ஸ்கேல் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மனிதரிடம் நேரே போய், "சார், உங்க மீசையை அளந்துக்கட்டுமா? வகுப்புல கேட்டிருக்காங்க" என்றாள், முகத்தில் ஒரு சுளிவும் இல்லாமல். அவர் சிரித்தே விட்டார்.

அன்றிலிருந்து தினம் ஒரு பந்தயம். ஏழெட்டுப் பேர் சேர்ந்தோம். யாரும் யாரிடமும் பேர் கேட்கக் கூடாது என்பது குடைக்காரர் போட்ட சட்டம். "பேர் கேட்டா வீடு கேக்கணும், வீடு கேட்டா ஜாதி கேக்கணும். பின்னே என்ன விளையாட்டு?" ஆகையால் அவர் குடை சேட்டன், அவள் ஸ்கேல், நான் சுக்கு.

எல்லாவற்றிலும் பெரிய பந்தயம் பொய்ப் பந்தயம். ஒருவரிடம் ஒரு பொய்யைச் சொல்லி நம்பவைக்க வேண்டும். எறணாகுளத்தில் போட்காரர் கயிற்றை வீசி, அது ஜெட்டிக் கட்டையில் விழும் வரை பொய்யைக் கட்டிக்காக்கலாம். கயிறு விழுந்ததும் "பொய்!" என்று உடைத்துவிட வேண்டும். உடைக்காவிட்டால் சொன்னது சத்தியம். இதில் எப்போதும் தோற்பவன் நான். "சுக்கே, உங்க பையில எறும்பு" என்பாள் அவள். எல்லாவற்றையும் பலகையில் கொட்டித் தேடுவேன். கயிறு விழும். "பொய்!" போட்டே சிரிக்கும். எனக்குக் கோபம் வந்ததில்லை. அவள் நம்பவைக்கத் தேர்ந்தெடுப்பது என்னைத்தானே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அவள் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்று தெரிந்த நாளிலிருந்து அந்தச் சந்தோஷத்தையும் பயந்து பயந்துதான் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜெட்டி கண்ணில் படும் நேரத்தில் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். எங்கள் இருவர் வீட்டிலும் தமிழ்தான் என்பதால் எங்களுக்குள் தமிழில் பேசிக்கொள்வோம்.

"ஞாயித்துக்கிழமை என்னைப் பொண்ணு பாக்க வர்றாங்க. பம்பாய்ல வேலையாம். அப்பா சரின்னுடுவார். அதுக்கு முன்னாடி ஒருத்தர் வந்து பேசுவார்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கேன். நாளைக்கு நாலு மணிக்கு அப்பா கொச்சங்காடி முக்குச் சாயாக்கடையில இருப்பார். உங்களுக்கு மனசிருந்தா வந்து பேசுங்க."

அவள் சிரிக்கவில்லை. பொய் சொல்லும்போதும் அவள் சிரிக்கமாட்டாள். குடை சேட்டனைப் பார்த்தேன். பத்திரிகைக்குள் முகத்தை வைத்திருந்தார். போட்காரர் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார். இன்னும் ஒரு நிமிஷத்தில் அவள் "பொய்!" என்பாள், எல்லாரும் சிரிப்பார்கள். எறும்புக்குச் சிரித்தால் தாங்கலாம். இதற்குத் தாங்கமாட்டேன். கயிறு விழும் முன்னே குதித்தேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

சனிக்கிழமை அவளுக்கு வகுப்பில்லை. குடை சேட்டனுக்கும் லீவு. கேட்க ஆளில்லை. நாலு மணிக்குப் போகத்தான் செய்தேன். ஆனால் கடைக்குள் நுழையவில்லை. எதிரே மூட்டை ஏற்றிய கைவண்டிக்குப் பின்னால் நின்றேன். வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு சாயா சொன்னார். ஒன்றை எதிர்ப்பக்கக் காலி பெஞ்சின் முன்னே வைக்கச் சொன்னார். குடை சேட்டன் நன்றாகத்தான் ஆளைப் பிடித்துவந்திருக்கிறார் என்று நினைத்தேன். சந்துகளில் கண்ணை ஓட்டினேன், எந்த மூலையில் எல்லாரும் ஒளிந்திருக்கிறார்கள் என்று. பெரியவர் தெருவைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எதிரே இருந்த சாயாவில் ஆடை படிந்தது. நாலரைக்கு எழுந்து போனார்.

முதல் தடவையாக நான் ஏமாறவில்லை என்று அன்று ராத்திரி சோறு இரண்டு கை கூடுதலாகத் தின்றேன்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. "என்ன சேட்டா, உங்க ஆளு நல்லா நடிச்சார்" என்றேன் குடை சேட்டனிடம். "எந்த ஆளு?" என்றார். சொன்னேன். அவர் பத்திரிகையை மடித்தார்.

"எடா மோனே, அன்னைக்கு நீ சாடி இறங்கிப் போனே. கயிறு விழுந்தது. அவ நீ போன வழியவே நோக்கி நின்னா. 'மோளே, கயிறு விழுந்தாச்சே, உடைச்சிடு'ன்னு நான் சொன்னேன். என்ன பந்தயம்னு எனக்குத் தெரியாது. அவ சொன்னா, 'உடைக்க ஒண்ணும் இல்ல சேட்டா.'"

அன்று பொட்டலங்களை எந்த ஆபீஸில் கொடுத்தேன் என்று நினைவில்லை. சாயங்காலம் சாயாக்கடையில் விசாரித்தேன். அந்தப் பெரியவர் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமையே நிச்சயம் முடிந்துவிட்டது என்றார் கடைக்காரர். மகளின் பேரைச் சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டேன்.

அதன்பிறகு பந்தயம் வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. பழையபடி தனித்தனியாக உட்கார்ந்து போனோம்.

எண்பதுகளில் ஒரு நாள் அதே கடைக்குள் போனேன். அந்தப் பெரியவர் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வேறு இடமில்லை; எதிர்ப்பக்கப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார். யாரென்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கையில் இப்போது கடிகாரம் இல்லை.

"தம்பி, நேரம் என்ன ஆச்சு?"

"நாலரை" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். என் சாயா வந்தது. ஆடை படியும் வரை அதைத் தொடவில்லை.