ஆட்சேபணை இல்லை என்று ஒரு கையெழுத்து

மண்ணூர்பேட்டையில் ஒரு வாடகை ஷெட்டில் எனக்கு லேத் பட்டறை. என் மகனுக்குத் தொழில் வைத்துத் தர வேண்டும், இடத்தைக் காலி செய் என்று ஷெட்டின் சொந்தக்காரர் வழக்குப் போட்டார். சம்மன் வந்த அன்று இரண்டு முறை தண்ணீர் குடித்தேன், ஏழு முறை கழிவறைக்குப் போனேன். பயத்துக்கு என் உடம்பில் எப்போதும் உபரி உற்பத்தி.

மேனாம்பேட்டில் எங்கள் தெருவிலேயே ஒரு பெண் வக்கீல் இருந்தார். அவரிடம் போனேன். வக்காலத்தில் கையெழுத்து வாங்கும்போதே கேட்டார்.

“கடைசி வாதம் வரைக்கும் என்கிட்டயே இருப்பீங்களா சார்? பதினோரு வருஷமா மனு எழுதறேன், சாட்சி விசாரிக்கிறேன். வாதம்னு வந்தா கேஸ் கட்டைத் தூக்கிக்கிட்டு ஏதாவது ஒரு ஆம்பளை சீனியர்கிட்ட போயிடறாங்க. ஒரு சிவில் கேஸ்லகூட நான் நின்னு பேசி முடிச்சதில்ல.”

“நான் அப்படிப்பட்ட ஆளா மேடம்?” என்றேன். அப்படிப்பட்ட ஆள்தான் என்பது அப்போது எனக்கே தெரியாது.

குறுக்கு விசாரணையில் அவர் குரலை உயர்த்தவே இல்லை. “ஐயாவுக்கு வேற ஷெட் எதுவும் இல்லையா?” என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

“நூம்பல்ல ஒண்ணு கீதும்மா. சும்மாதான் பூட்டிக் கெடக்குது” என்றார் சொந்தக்காரர், பெருமையாக. மகனுக்கு இடமில்லை என்ற வழக்கு அந்த நிமிடமே செத்துவிட்டது. எனக்குத்தான் புரியவில்லை.

வாதத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பக்கத்துப் பட்டறைக்காரர் வந்தார்.

“இன்னா அண்ணாத்தே, பைனலுக்கும் அந்தம்மாதானா? எதிராளி வக்கீலு ஒரு சவுண்டு உட்டா உன் லேத்து ரோட்டுல நிக்கும்.”

அன்று நான் கடைந்த ஷாஃப்ட் ஒன்றுகூட அளவில் நிற்கவில்லை. மறுநாளே பூந்தமல்லியில் ஒரு சீனியரைப் பிடித்தேன். அவருடைய மீசையே பாதி வழக்கை ஜெயித்துவிடும்போல இருந்தது. “அவங்ககிட்ட ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வாங்க” என்றார். வக்கீலை மாற்றினால் பழைய வக்கீல் அப்படி எழுதித் தருவது வழக்கம்.

கோர்ட் வராந்தாவில் மேடத்தின் முன் காகிதத்தை நீட்டினேன்.

“என் மாமனார் ஒத்துக்க மாட்டேங்கிறார் மேடம்.”

மாமனார் இறந்து ஆறு வருடம். காரியத்துக்கு மேடமும் வந்திருந்தார். வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

அவர் சிரிக்கவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டார். “நூம்பல் ஷெட் பதில் இருக்கிற பக்கத்துல மஞ்சள் காகிதம் ஒட்டியிருக்கேன். அதை முதல்ல படிக்கச் சொல்லுங்க” என்றார்.

வாதத்தன்று சீனியர் அதைத்தான் படித்தார், மேடம் எழுதிவைத்த குறிப்பிலிருந்து வரி மாறாமல். நன்றாகத் தயார் செய்திருக்கிறீர்கள் என்றார் நீதிபதி. சீனியர் குனிந்து ஏற்றுக்கொண்டார். பின்வரிசையில், வேறொரு வழக்குக்கு வாய்தா வாங்கக் காத்திருந்த மேடம் தன் கேஸ் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீர்ப்பு எனக்கே வந்தது.

தோற்ற சொந்தக்காரர் அடுத்து, தன் பின்ஷெட்டில் வாடகைக்கு இருந்த பெயின்ட் பட்டறைக்காரருக்கு நோட்டீஸ் அனுப்பினார். எந்த வக்கீலிடம் போவது என்று அவர் என்னைக் கேட்டார். அந்த மேடத்திடம் போ, ஜெயித்தது அவங்க மூளை என்று அடித்துச் சொன்னேன்.

“அப்பறம் நீ ஏன் நைனா மாத்துன?”

“பயந்துட்டேன்.”

“எனுக்கு மட்டும் பயம் இல்லியா?” என்றவர், சீனியரின் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.