வலது கைக்கு ஒரு சைக்கிள்

என் அக்கா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில லென்ஸ் தீட்டிப் பொருத்தற வேலையில இருந்தா. அங்கே அவளுக்குப் பட்டப்பேர் 'ரசமட்டம்', கொத்தனார் கோணல் பாக்க வைக்கற கருவி. எதிர்ல நிக்கற ஆளோட கண்ணாடி துளி சாய்ஞ்சிருந்தாலும் பேச்சைப் பாதியில நிறுத்திட்டு, கையை நீட்டி நிமித்தி விட்டுட்டுத்தான் மிச்சத்தைப் பேசுவா. பஸ்ல பக்கத்துல உக்காந்த முன்பின் தெரியாதவங்களுக்கும் இதே கதிதான். சில பேர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டதும் உண்டு.

அவளுக்கு அம்பத்திநாலு, எனக்கு அம்பது. நான் லேத் பட்டறைக்காரன். எனக்கு மூக்கு மேல கோபம்னு சொல்லுவாங்க. சொன்னவங்களை நான் சும்மா விட்டதில்ல.

இருபத்திரண்டு வயசுல அக்கா ஒரு பந்தய சைக்கிள் வாங்கினா. நீல நிறம், மெல்லிசான இரும்புக் குழாய், கீழ்நோக்கி வளைஞ்ச ஹேண்டில்பார். வேலைக்கும் அதுதான், ஞாயித்துக்கிழமை மேட்டுப்பாதைக்கும் அதுதான். மாமா, அதாவது அவ வீட்டுக்காரர், அவளை முதமுதலா பாத்ததே முதுகுப் பக்கமாத்தானாம். ஏத்தத்துல அவரைத் தாண்டிப் போயிருக்கா. இன்னும் எட்டிப் பிடிச்சபாடில்லன்னு இப்பவும் சொல்லுவார்.

மூணு வருஷம் முன்னாடி கழுத்து நரம்புல கோளாறு. ஆபரேஷன் ஆச்சு, ஆள் பிழைச்சா, இடது கை மட்டும் பிடிமானம் போயிடுச்சு. தம்ளரை ரெண்டு கையாலதான் தூக்கணும். லென்ஸ் தீட்டற மிஷின்லேர்ந்து எடுத்துக் கல்லாப் பக்கம் உக்கார வச்சுட்டாங்க. காலையில மாமா கொண்டுபோய் விடுவார், சாயங்காலம் நான் கூட்டிட்டு வருவேன். காய் வாங்கக்கூடத் துணைக்கு ஒரு ஆள். எல்லாம் பாசத்துலதான். ஆனா எங்க கிளம்பினாலும் வாசல்ல செருப்பைப் போட்டுக்கிட்டு அவ யாருக்காவது காத்துக்கிட்டுத்தான் நிப்பா.

போன வருஷம் ஒரு நாள், சுவத்துல மாட்டியிருந்த சைக்கிளைக் காட்டி, "இதை நான் ஓட்டற மாதிரி பண்ணிக் கொடுடா"ன்னா. காலண்டர் தாளுக்குப் பின்னால படம் போட்டே வச்சிருந்தா. பழைய கியர் நெம்புகோல் ரெண்டும் ஃப்ரேம் குழாய்ல, முழங்காலுக்குப் பக்கத்துல இருக்கும். மாத்தணும்னா ஒரு கையை விட்டாகணும். அது கூடாது. முன்னாடி ஒரே பல்சக்கரம் போதும், பின்னாடி புதுசா பத்து. கியரும் பிரேக்கும் வலது கையில ஒரே லீவர்ல வரணும், அந்த ஒரு லீவரே ரெண்டு சக்கரத்தையும் பிடிக்கணும். புதுப் பின்சக்கரம் அகலம் கூட, அதனால ஃப்ரேம்ல அந்தச் சக்கரத்தை ரெண்டு பக்கமும் பிடிக்கற பின்கால்களை நாலு மில்லிமீட்டர் விரிக்கணும்.

"முப்பது வருஷத்து ஃப்ரேமை விரிக்கறதா? அதுக்கு என் நெஞ்சைப் பிளந்துடு"ன்னேன்.

"உன் நெஞ்சுல சக்கரம் மாட்ட முடியாது. இதைப் பண்ணு."

சரி சரின்னு பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிட்டுப் பட்டறைக்குத் தூக்கிட்டு வந்தேன். பண்ணினது வேற. எட்டு மாசம் அலைஞ்சு, அந்த சைக்கிள் வந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கினேன். அதே கம்பெனி பிரேக், அதே கியர், நெம்புகோலுக்குள்ள வர்ற பித்தளை வாஷர் கூட அதே. ஒரு வாஷருக்காக, பழைய சாமான் விக்கற ஒரு கிழவனாரோட ரெண்டு மாசம் சண்டை போட்டேன். பாத்தா அவ அழுதுடுவா, என்னைக் கட்டிப் பிடிச்சுக்குவான்னு நினைச்சேன். புத்தி கெட்டவன்.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கொண்டுபோய் வாசல்ல நிறுத்தினேன். மாமா, "கடையில வச்ச மாதிரி இருக்கே"ன்னார். அக்கா கிட்ட வந்தா. பிரேக்கைப் பாத்தா, கியரைப் பாத்தா, என்னைப் பாத்தா. ஏறிட்டா.

பத்தடி போனதும் கியர் மாத்த வலது கையை எடுத்தா. இடது கையால ஹேண்டிலை நிறுத்த முடியல. சைக்கிள் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போச்சு. பிரேக்கைப் பிடிக்க அந்த விரல்கள் மடங்கினதை நான் பாத்தேன், மடங்கிச்சு, அவ்வளவுதான். நின்னுக்கிட்டிருந்த ஒரு வண்டியில தோளை உரசி, காலை ஊனி நின்னா.

ஓடிப்போய்ப் பிடிச்சேன். தோள்ல தோல் வழண்டிருந்துச்சு. அவ கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது சுலபம். நிதானமாப் பேசினா.

"அழகா பண்ணியிருக்கடா. ஆனா இது இருபத்திரண்டு வயசுப் பொண்ணுக்கு. அவ வந்தா கொடு. நான் உனக்குப் படம் போட்டே கொடுத்தேன்."

நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. அன்னைக்குத்தான் எனக்கே புரிஞ்சுது. மூணு வருஷமா நான் அவ முகத்தைப் பாத்துப் பேசுவேன், அந்தக் கையைப் பாக்கவே மாட்டேன். பயம். சைக்கிள் பழையபடி ஆயிட்டா அவளும் பழையபடி ஆயிடுவான்னு உள்ளுக்குள்ள ஒரு கிறுக்குத்தனமான நம்பிக்கை எனக்கு இருந்திருக்கு.

மறு வாரம் எல்லாத்தையும் கழட்டினேன். அவ பட்டறைக்கே வந்து ஸ்டூல் போட்டு உக்காந்துட்டா. பின்கால்கள் நடுவுல நீளமான மரை கம்பியை வச்சு, உள்பக்கம் ரெண்டு நட்டு. நட்டைத் திருப்பினா கால்கள் விரியும். ஆனா இரும்புக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. நாலு மில்லிமீட்டர் நிக்கணும்னா இருபதுக்கு மேல இழுத்து விடணும், இல்லேன்னா திரும்பப் பழைய இடத்துக்கே போயிடும். ஸ்பேனரை வாங்கி வலது கையால அவளே திருப்பினா. கால் சுத்து, நிறுத்து, அளவெடு. அடிமேல் அடி வச்சா அம்மியும் நகரும்னு அவ முணுமுணுத்தா. எனக்கு வேர்த்துக் கொட்டுச்சு.

திடீர்னு 'டக்'குன்னு ஒரு சத்தம். இணைப்புக்கிட்ட மயிரிழை மாதிரி ஒரு விரிசல். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, வெக்கம் என்ன வேண்டிக் கிடக்கு. அவ குனிஞ்சு நகத்தால சுரண்டிப் பாத்தா.

"வெடிச்சது பெயிண்டுதான். இரும்பு நல்லாத்தான் இருக்கு. அழாம வேலையைப் பாரு."

கம்பியை எடுத்து அளந்தேன். மொத்தம் சரியா நாலு. நான் நிமிரறதுக்குள்ள, "கோணல்"னா ரசமட்டம். "எல்லாம் வலது பக்கமே போயிருக்கு, இடது பக்கம் அசையவே இல்ல."

இருக்கவே இருக்காதுன்னு சாதிச்சேன். நூலைப் பின்கால்லேர்ந்து முன்பக்கக் குழாயைச் சுத்தி மறு காலுக்கு இழுத்துக் கட்டி, நடுக்குழாய்க்கு ரெண்டு பக்கமும் இருக்கற இடைவெளியை அளந்தேன். அவ சொன்னதுதான் சரி. அப்படியே விட்டிருந்தா சக்கரம் காலத்துக்கும் சாய்ஞ்சே ஓடியிருக்கும். வாயை மூடிக்கிட்டு மறுபடி ஒவ்வொரு பக்கமா தனித்தனியா இழுத்துச் சரி பண்ணினேன். புதுசு எல்லாம் ஏறிச்சு. நீல ஃப்ரேம்ல கறுப்பு லீவர், கண்றாவியாத்தான் இருந்துச்சு. சொல்லல.

அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில அக்காவோட மாமாவும் நானும் தெரு முனைக்கு வந்தோம். அங்கேர்ந்து இறக்கம், கீழ பெரிய ரோடு குறுக்க போகும். சமதளத்துல ஓட்டிப் பாரேன்னு கெஞ்சினேன். கேட்டாத்தானே. சைக்கிள் ஓட்டறப்ப போட்டுக்கற கையுறையை அவளால ஒத்தைக் கையால மாட்டிக்க முடியல. இடது கையை என் பக்கம் நீட்டி, "மாட்டி விடுடா"ன்னா.

பிடிச்சேன். சில்லுன்னு, கனமில்லாம இருந்துச்சு. ஒவ்வொரு விரலா உள்ள விட்டேன். பட்டியை இழுத்து ஒட்டினேன். அவ பொறுமையா நின்னா.

இறங்கிட்டா. பாதி இறக்கத்துல கியர் மாறின சத்தம் கேட்டுச்சு, ஹேண்டில் ஆடல. வேகம் ஏறிக்கிட்டே போச்சு. மாமா என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டார். பெரிய ரோட்டுக்கு ரெண்டு சைக்கிள் நீளம் இருக்கறப்ப ரெண்டு சக்கரமும் ஒண்ணா அடங்கிச்சு. காலை ஊனினா. ரெண்டு பக்கமும் பாத்தா.

கையைக் காட்டுவா, திரும்பி வருவான்னு நின்னோம். அவ வலது பக்கம் திரும்பிப் போயிட்டா.

"எங்க போறா?"ன்னார் மாமா.

"தெரியலையே மாமா."

ரெண்டு பேரும் அங்கேயே நின்னோம். மூணு வருஷத்துல அவ எங்க இருக்கான்னு எங்க யாருக்குமே தெரியாத முதல் காலை அது.