பெட்டியில் போடாத டிக்கெற்

இன்று கோட்-டெ-நெய்ஜ் வீதி பஸ்ஸில் ஒரு பழைய அறைத்தோழர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். எண்பத்தாறில் அகதிகளாக இந்த நாட்டுக்கு வந்து, ஒரே அறையில் ஏழு பேராக இருந்தவர்கள் நாங்கள். இப்போது ஜப்பான் சுற்றிப்பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"அண்ணை, அங்க ஒரு கிராமத்து ஸ்ரேசன். வேலையாள் ஒருத்தருமில்லை. இறங்கிற சனம் தானாவே டிக்கெற்றைப் பெட்டியில போட்டிட்டுப் போகுது. எங்கட ஆக்களுக்கு இந்த நேர்மை வருமே?"

பஸ் முழுவதும் கேட்டது. குரலை உயர்த்தினால் நேர்மையும் உயரும் என்பது அவர் எண்ணம்.

வரும் ஞாயிறு எங்கள் முதியோர் சங்கத் தலைவர் தேர்தல்; இவரும் போட்டியிடுகிறார். அவர் பெயரை வழிமொழிய நான் சம்மதித்திருந்தேன்.

"இஞ்ச பாருங்கோ, அந்த ஸ்ரேசன் டிக்கெற்" என்று பேர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"பெட்டியில போடேல்லையோ?"

"ஞாபகத்துக்கு வச்சிருக்கிறன். ஆர் பாக்கிறது?"

அந்த அறையில் இருந்த காலத்தில், செல்லும் என்று இவர் தந்த நேரம் கடந்த ட்ரான்ஸ்பர் துண்டை, பஸ் மாறி ஏறும் சீட்டை, நம்பித்தான் அகதி விசாரணைக்குப் போகும் வழியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டேன். பனியில் நடக்கும்போதும் பிழை என்னுடையதோ என்றே யோசித்தேன்.

இன்று என் தரிப்பு வந்ததும் இறங்கினேன். வீட்டுக்கு வந்து, மூன்று முறை திருத்தி, வழிமொழிய இயலாது என்று செயலாளருக்கு எழுதினேன்.

செயலாளர் காரணம் கேட்கிறார். ஜப்பானில் ஒரு பெட்டிக்கு இன்னும் ஒரு டிக்கெற் வந்து சேரவில்லை என்று எழுதட்டுமா?