வருகைப் பதிவேட்டில் பென்சில் புள்ளி

அந்த வருகைப் பதிவேட்டின் பக்கம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நீலக் கோடுகளுக்கு நடுவே, பெயர்களுக்கு நேரே, ஒன்றன்கீழ் ஒன்றாகப் பென்சில் புள்ளிகள். வருகையை மையால் குறிக்க வேண்டும், முதல் பாடவேளைக்குள் குறிக்க வேண்டும், அடித்தல் திருத்தல் கூடாது. இந்த மூன்றும் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராகக் காலம் தள்ளியவனுக்குத் தூக்கத்தில் வேறென்ன தெரியப்போகிறது? மரக்காணத்தை ஒட்டிய உப்பளக் கிராமம் ஒன்றின் தொடக்கப் பள்ளிக்கு அதிகாரியோடு ஆய்வுக்குப் போயிருந்தேன். கழிப்பறை சுத்தமாக இருந்தது, சத்துணவு அரிசியில் புழு இல்லை. ஆய்வுக்குப் போய் வெறுங்கையோடு திரும்புவது எங்கள் தொழிலில் கௌரவக் குறைவு. அதனால் அந்தப் புள்ளிகளைக் கண்டதும் எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்கச் சிரமப்பட்டேன்.

தலைமையாசிரியையை ஊரார் பெரிய டீச்சர் என்பார்கள். விளக்கம் கேட்டு நான் வரைந்த குறிப்பாணை ஒன்றரைப் பக்கம். அவருடைய பதில் ஒரே வரி: ‘பத்தேமுக்காலுக்கு வந்து பாருங்கள்.’ பொருள் இல்லை, பார்வை இல்லை, கடித எண் இல்லை. இத்தனை குறைகளை ஒரே வரிக்குள் அடக்க முடியுமா என்கிற வியப்பில் மறுநாள் பஸ் ஏறிப் போனேன். உப்பு வாரும் பருவம் அது. விடியுமுன் அளத்தில் இறங்கும் பெண்கள் வெயில் ஏறிய பிறகுதான் கரையேறுவார்கள். அதுவரை வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வேலை. சரியாகப் பத்தேமுக்காலுக்கு, பாத்திகளுக்கு இடையே ஓடும் வரப்பின் மேல் அவர்கள் ஒற்றை வரிசையில் வந்தார்கள். ஒரு பெண்ணின் தோளில் தம்பி கக்கிய பால் இன்னும் காயவில்லை. ஒவ்வொருவராக மேசைக்கு முன்னால் வந்து நிற்க, பெரிய டீச்சர் அவரவர் புள்ளியை ரப்பரால் அழித்துவிட்டு மையால் குறித்தார். வராத பிள்ளையின் புள்ளி அப்படியே இருந்தது. பிற்பகலில் அது வராமையாக மாறும். ஒரு பொய் வருகை கிடையாது.

நான் அலுவலகம் திரும்பி, கோப்பில் ‘விளக்கம் பதிவு செய்யப்பட்டது’ என்று எழுதி மூடினேன். ஏற்கப்பட்டது என்று எழுதவில்லை. அவ்வளவு தூரம் என்னால் போக முடியாது.

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் இருவர் வாழ்க்கையும் இரண்டு திசைக்குப் போயிற்று. நான் மரக்காணத்தில் உட்கார்ந்து ஊராருக்கு ஓய்வூதிய விண்ணப்பமும் வாரிசுச் சான்று மனுவும் எழுதிக் கொடுக்கிறேன். திண்டிவனம் தாண்டித் தனியாகப் போகாத பெரிய டீச்சரை, பல மாநிலப் பள்ளிகளில் வேலை செய்யும் ஓர் அமைப்பு கல்வி ஆலோசகராக எடுத்துக்கொண்டது. அதன்பின் அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எனக்குக் காலைப் பத்திரிகை ஆனது. திங்களன்று ராஞ்சி, புதனன்று புவனேஸ்வர், வெள்ளியன்று ஏதோ மலையூரில் கழுத்தில் சால்வையோடு. இந்தி தெரியாத இந்த அம்மாள் அங்கே என்னதான் பேசுகிறார், யார் கேட்கிறார்கள், கேட்டதை என்ன செய்கிறார்கள் என்று எனக்குக் குறுகுறுப்பு. பொறாமை என்று என் மனைவி சொன்னாள். கொஞ்சம் அதுவும்தான். ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது கேட்டே விட்டேன். ஓட்டல் சோப்புகளை என் மனைவியிடம் எடுத்துக் கொடுத்தபடியே சொன்னார்: “எல்லா ஊர்லயும் பிள்ளைங்க ஒரே மாதிரிதான் சார் இருக்குதுங்க. ஏர்போர்ட்டுதான் ஒண்ணொண்ணும் ஒரு மாதிரி இருக்குது.” எந்த ஊர் என்று கேட்டால் கைப்பேசியில் டிக்கெட்டைப் பார்த்துத்தான் சொன்னார்.

இந்த ஆண்டு பங்குனியில் அதே பள்ளியின் இப்போதைய டீச்சர் என்னைத் தேடி வந்தார். கிளியனூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகிறவர். ஒரு மனு எழுத வேண்டும் என்றார். வருகையை இப்போது கைப்பேசிச் செயலியில் பதிகிறார்கள். ஒன்பதரைக்கு அது பூட்டிக்கொள்ளும். அதற்குப் பின் வருகிற பிள்ளை வராத பிள்ளை. உப்பு வாரும் மாதங்களில் பாதி வகுப்பு சிவப்பு. வருகை குறைந்த பள்ளிகளை வேறு பள்ளியோடு இணைக்கும் உத்தேசப் பட்டியலில் இந்தப் பள்ளியும் ஏறிவிட்டது. இணைத்தால் பிள்ளைகள் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். “கார் பறக்கிற ரோட்டை இதுங்க எப்படிங்க தாண்டும்? பத்தேமுக்காலுக்கு அங்க யாரு உள்ள விடுவாங்க? நின்னுடும் சார், ஒண்ணொண்ணா நின்னுடும்,” என்றார். செயலியை எனக்குக் காட்டுவதற்காகத் திறந்தார். முதலில் ஒரு விளக்கப் படம் ஓடியது. ஒன்பதரைக்குள் வருகையை முடிப்பது ஏன் முக்கியம் என்று கணீரென்று சொன்ன குரல் பெரிய டீச்சருடையது.

அப்போதே போன் செய்தேன். பின்னணியில் விமான அறிவிப்புகள். நான் நடந்ததைச் சொன்னேன். எந்த மாதம், எத்தனை பிள்ளைகள் என்று அவர் கேட்டுக்கொண்டார். பிறகு விளக்கினார். சில ஊர்களில் வராத பிள்ளைக்கு மத்தியானம் சாவகாசமாக வருகை போடுகிறார்கள், அதைத் தடுக்கத் தன் அமைப்பு செய்த செயலியில் நேரத்தைப் பூட்டச் சொன்னதே அவர்தான்.

“பூட்டச் சொல்றப்ப நம்ம பள்ளிக்கூடம் ஞாபகத்துக்கு வரலையா டீச்சர்?”

“வரல சார்,” என்றார்.

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. என் பணிக்காலம் முழுதும் நான் வாங்கிய விளக்கங்களில் இவ்வளவு நேரடியான ஒன்றைப் பார்த்ததில்லை.

நான்காம் நாள் சக்கரப் பெட்டியோடு வந்து இறங்கினார். வரப்பின் ஈரமண்ணில் சக்கரம் உருளவில்லை. பெட்டியைத் தலையில் தூக்கிவந்த அளத்துப் பெண் அவருடைய பழைய மாணவி. “ஏன் டீச்சர், ஊரெல்லாம் சுத்தி எங்க பிள்ளைங்களுக்கு ஆப்சென்ட் போடக் கத்துக்கிட்டு வந்தீங்களா?” என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பெரிய டீச்சர் சிரிக்கவில்லை. பத்தேமுக்கால் வரை அதே மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வந்த பிள்ளைகளைப் பெயர் கேட்டு எண்ணினார். கடைசிப் பிள்ளையும் உட்கார்ந்த பிறகு என்னைப் பார்த்து, “சூப்ரண்டு சார், எனக்கு ஒரு மெமோ எழுதுங்க. பழைய மாதிரியே, பொருள், பார்வை எல்லாம் போட்டு. நான் வாயால சொன்னா கருத்துன்னு விட்டுடுவாங்க. புகார்னு எழுத்துல போனா பதில் சொல்லியாகணும்,” என்றார்.

எழுதினேன். ஊர்ப் பெற்றோர் பெயரில், ஆலோசகரிடம் விளக்கம் கோரி, இரண்டு பக்கம். என் வாழ்நாளிலேயே நேர்த்தியான குறிப்பாணை அதுதான் என்று நினைக்கிறேன். அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை என்பது ஒன்றே குறை. அவர் அதைப் படித்துவிட்டு, அடியில் தன் கையெழுத்தில் பதில் எழுதித் தன் அமைப்புக்கு அனுப்பினார். என்ன எழுதியிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. அவருடைய தமிழ் வரிக்குக் கீழே ஆங்கிலத்திலும் ஒரு வரி இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வந்தார்கள். அந்த அமைப்பின் பெங்களூர் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர், கண் கூசும் வெயிலில், உப்புக் குவியல்களுக்கு நடுவே படம் எடுத்துக்கொண்டு. பத்தேமுக்காலுக்குப் பிள்ளைகள் வந்த வரிசையைப் பார்த்த பின் படம் எடுப்பதை நிறுத்தினார்கள். அவர்களுடைய அறிக்கை கல்வித் துறைக்குப் போன பிறகு, இணைப்பின் இறுதிப் பட்டியல் ஆடியில் வந்தது. அதில் இந்தப் பள்ளி இல்லை. அன்று பெரிய டீச்சரின் ஸ்டேட்டஸில் ஏதோ ஓர் ஆறு, அதன் குறுக்கே ஒரு படகு. ஊர்ப் பெயர் போடவில்லை.

போன வாரம் இப்போதைய டீச்சர் செயலியைத் திறந்து காட்டினார். ஒன்பதரை மணி. வராத பிள்ளைகளின் பெயருக்கு நேரே சிவப்பு இல்லை. ஒன்றன்கீழ் ஒன்றாகச் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். பத்தேமுக்காலுக்குப் பிள்ளை வந்து நின்றதும் அவர் விரலால் தொட்டார். புள்ளி மறைந்து பச்சை வந்தது. வருகைப் பதிவேட்டில் பென்சில் பயன்படுத்துவது விதிமீறல் என்று இப்போதும் சொல்வேன். கைப்பேசிக்கு அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று எல்லா ஆணைகளையும் புரட்டிப் பார்த்தேன். இல்லை.